தட்டு மாற்றிய காலேஜ்

என் அன்பு மகனுக்கு,

போன வாரம் உன் கடிதம் கிடைத்தது. டில்லியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்றும், மருமகளும் குழந்தையும் சுகம் என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் நான் ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் நான் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேலே எழுதுவது எனக்கும் படிப்பது உனக்கும் சுலபம். நீ கடைசியில், போகிற போக்கில், உன் தங்கையைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரிகளைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. 'வனஜாவை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று யாரும் அலைய வேண்டாம். என் சின்ன மாமியார் பாடம் சொல்லிக்கொடுக்கும் காலேஜிலேயே சொல்லி முடித்துவிட்டேன். வாக்கும் கொடுத்தாகிவிட்டது. நேரில் போய்ப் பார்ப்பதெல்லாம் வீண் வேலை.' இதுதான் நீ எழுதியது. உன் நைனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "பெரியவனே எழுதிட்டான். அப்புறம் என்னா?" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவருக்கு எப்போதுமே யாராவது ஒருவர் முடிவு செய்துகொடுத்தால் போதும். அன்று அவருடைய அண்ணன், இன்று அவருடைய மகன்.

வனஜா ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடப் பரீட்சையில் தேறிவிட்டாள். இத்தனை வருஷமாக டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கடற்கரையில் இருக்கும் பெண்கள் காலேஜையும், நீ சொன்ன காலேஜையும் போய்ப் பார்த்துவிட்டு, எது பிடிக்கிறதோ அதில் சேர்கிறேன் என்றாள். இதில் என்ன வீண் வேலை இருக்கிறது? வெண்டைக்காய் வாங்கினால்கூட நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். புடவைக் கடையில் உன் மனைவி அத்தனை கட்டையும் பிரித்துப் போடச் சொன்னபோது நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை நான்தான் பார்த்தேனே. ஒரு பெண் தன் வாழ்நாளைக் கொண்டுபோய் வைக்கப்போகிற இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்கக் கூடாதா? அதுகூடப் போகட்டும். நீ வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று எழுதினாயே, அந்த வார்த்தையை வேறு யார் எழுதியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ எழுதலாமா?

உனக்கு மறந்திருக்காது. மறந்துவிட்டது என்று நீ பாசாங்கு செய்தாலும் நான் விடப்போவதில்லை. நாம் அப்போது மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் குடியிருந்தோம். நீ ஸ்கூல் பைனல் தேறியிருந்தாய். கடற்கரை ரோட்டில் இருக்கும் சர்க்கார் காலேஜின் சயன்ஸ் கூடத்தை உங்கள் வாத்தியார் வகுப்போடு அழைத்துப்போய்க் காட்டியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே சோற்றை அளைந்துகொண்டு, கண்ணாடிச் சக்கரம் சுற்றினால் நெருப்புப் பொறி பறக்கிறது, தொட்டால் மயிர் நட்டுக்கொண்டு நிற்கிறது என்று நீ பேசிய பேச்சு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அங்கேதான் சேர வேண்டும், பிறகு கிண்டிக்குப் போய் இஞ்சினீரிங் படிக்க வேண்டும் என்றாய். உன் பெரியப்பாவுக்கோ வேறு எண்ணம். அவர் வக்கீல் குமாஸ்தா. வாழ்நாள் முழுவதும் ஒரு வக்கீலின் நாற்காலிக்குப் பின்னால் நின்றே கால் வீங்கிப்போனவர். நம் வீட்டுப் பையன் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருக்கு வெறி. அதற்குப் பாதிரிமார் நடத்தும் காலேஜ் ஒன்றில் சரித்திரம் படிக்க வைக்க வேண்டும் என்றார். கடைசியில் உன் நைனா இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நடுவாகச் சொன்னார். அவர் ஆயுளில் அவ்வளவு தைரியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

போய்ப் பார்க்க வேண்டியது பிள்ளை, அவனுக்குத் துணையாக அப்பா. அவ்வளவுதானே? உன் பெரியப்பாவுக்கு அது போதவில்லை. நல்ல காரியத்துக்கு வெறுங்கையோடு போகலாமா என்றார். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம், கற்கண்டு, கதம்பச்சரம் எல்லாம் வைத்து ஒரு வெள்ளித் தட்டு தயாரானது. தட்டு என்றால் அதைத் தூக்க ஒரு சுமங்கலி வேண்டுமே. அதற்காக என்னையும் வண்டியில் ஏற்றினார்கள். ஜட்காவில் முன்பக்கம் பெரியப்பா, அவருக்குப் பக்கத்தில் உன் நைனா, பின்னால் மடியில் தட்டோடு நான், என் முழங்காலுக்கும் வண்டிக் கட்டைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நீ. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, பொண்ணு பாக்கவா போய்க்கினு கீறீங்க?" என்று கேட்டார். பெரியப்பா சிரித்துக்கொண்டே, "பொண்ணு இல்லப்பா, பையனுக்குக் காலேஜு!" என்றார். "அதுக்கு இன்னாத்துக்கு சாமி தட்டு?" என்றார் வண்டிக்காரர்.

முதலில் போனது பாதிரிமார் காலேஜ். நல்ல நேரம் போவதற்குள் அங்கேதான் கால் வைக்க வேண்டும் என்று பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்திருந்தார். அதன் பிரின்சிபால் துரை நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பல வருஷமாகப் பட்டணத்தில் இருக்கிறவர், நம் பேச்சும் நம் பழக்கவழக்கமும் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. நான் வராந்தாவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். பெரியப்பா தட்டை என் கையிலிருந்து வாங்கி அவர் முன் நீட்டினார். துரை இரண்டு கையாலும் வாங்கி, பட்லரிடம் கொடுத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு உன்னைப் பார்த்துச் சிரித்து, "நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய், தம்பி?" என்று தமிழிலேயே கேட்டார். நீ வாயைத் திறந்தாய். உன் பெரியப்பா, "வக்கீலுக்கு, துரைங்களே, வக்கீலுக்கு!" என்றார். திறந்த வாயை நீ மூடிக்கொண்டாய். அதற்குள் பட்லர் தட்டோடு வந்தான். தட்டில் தோட்டத்து ரோஜாப்பூவும் ஒரு டப்பா சீமைப் பிஸ்கோத்தும் இருந்தன. துரை அதைத் தன் கையாலேயே எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டி, "வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்" என்றார்.

பாவம், அவருக்கு நம் வழக்கத்தில் பாதிதான் தெரியும். வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்பது தெரியும். ஒரு காரியத்துக்காகத் தட்டு நீட்டி, தட்டு வாங்கினால் அது நிச்சயதாம்பூலம் என்பது தெரியாது. உன் பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அங்கேயே தீர்ந்துபோயிற்று. வகுப்பைப் பார்க்கவில்லை, புத்தகசாலையைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கட்டுமா என்று நீ உன் நைனாவின் காதில் கேட்டாய். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கடற்கரை ரோடு வழியாகத்தான் வந்தோம். நீ ஆசைப்பட்ட காலேஜ் வாசலுக்கு எதிரே வண்டி மெதுவானது. "இன்னா சாமி, இங்க எறங்கணும்னு சொன்னீங்களே, நிறுத்தவா?" என்றார் வண்டிக்காரர். "வேணாம், ஓட்டு" என்றார் பெரியப்பா. நீ எழுந்து நின்றுவிட்டாய், வண்டிக் கூரையில் தலை இடித்தது. "சும்மா பாத்துட்டு ஓடி வந்துடறேன் பெரியப்பா." அவர் கோபப்படக்கூட இல்லை. உனக்கு உலகம் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டதுபோலத்தான் பேசினார். "துரை தட்டு மாத்திட்டாருடா. நிச்சயம் ஆனப்புறம் இன்னொரு வீட்டு வாசல்ல போய் நிப்பாங்களா? நாலு பேரு என்னா பேசுவாங்க?" உன் நைனா சமுத்திரத்தை முதன்முதலாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கிறாயா? கணவனின் அண்ணனோடு நான் நேரே பேசக் கூடாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால், 'பெரியப்பாகிட்ட இப்படிச் சொல்லுடா' என்று உன்னிடம் சொல்வேன், நீ அவரிடம் சொல்வாய். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அதுதான் பழக்கம், உனக்குப் பேச்சு வந்ததிலிருந்து நீதான் என் வாய். அன்று நான் சொல்ல நினைத்ததை யார் வழியாகச் சொல்வது? நீ வண்டியின் பின்பக்கம் கழுத்தை வளைத்துக்கொண்டு, அந்தக் கட்டிடம் மறையும்வரை பார்த்து அழுதுகொண்டிருந்தாய். வீட்டு வாசலில் இறங்கியதும், சைவ வீட்டில் முட்டை கலந்த பிஸ்கோத்து எதற்கு என்று டப்பாவை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். "நல்ல எடம் சாமி!" என்று அவர் மனசார வாழ்த்திவிட்டுப் போனார். அன்றைக்கு லாபமடைந்தது அவர் ஒருவர்தான்.

நீ நன்றாகத்தான் இருக்கிறாய். முன்பு ஒருமுறை நான் இதைக் கிளறியபோது, "எனக்கு இப்ப என்னம்மா கொறைஞ்சு போச்சு?" என்று கேட்டாய். ஒன்றும் குறையவில்லை. சரித்திரம் படித்தாய், சட்டமும் படித்தாய். வக்கீல் நாற்காலி உனக்கு ஒத்துவரவில்லை. சர்க்கார் நாற்காலி கிடைத்தது. வாசலில் சேவகன் நிற்கிறான். ஆனால் போன பொங்கலுக்கு லீவில் வந்தாயே, வந்த அன்றே என் தையல் மிஷின் ஓடவில்லை என்று கூடத்தில் பத்திரிகையை விரித்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாய். உன் மனைவி கூப்பிட்டது காதில் விழவில்லை. காபி ஆறிப்போனது. மூக்கில் எண்ணெய்க் கரியோடு நிமிர்ந்து, "ஓடுதும்மா!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தாய். சர்க்கார் உத்தியோகம் கிடைத்த செய்தி வந்த அன்று நீ அப்படிச் சிரிக்கவில்லை. நான் பெற்றவள், எனக்குத் தெரியும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை, உனக்குக் கோபம் வரும்.

ஆனால் எனக்கு வருகிற கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? வேறு யாராவது வாக்கு, நிச்சயம், நாலு பேர் என்று பேசினால் அவர்களுக்குப் பட்டுத் தெரியவில்லை என்று விட்டுவிடலாம். பட்டவனே பேசுகிறானே. பெரியப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது; அவர் இடம் காலியாக இருக்கிறதே என்று நீ ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாயா? அவராவது தட்டு தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். நீ டில்லியில் உட்கார்ந்தபடியே ஒரு தபால் தலையில் காரியத்தை முடித்துவிட்டாய்.

உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உன் நைனாவிடம், "நானும் வனஜாவும் ரெண்டு காலேஜையும் பாத்துட்டு வரப்போறோம்" என்று சொன்னேன். "யாரு கூட?" என்றார். "எங்க கால் கூட" என்றேன். பத்திரிகை கொஞ்சம் கீழே இறங்கியது, பிறகு மேலே ஏறிக்கொண்டது. மாம்பலத்திலிருந்து பஸ் ஏறி நேற்று நாங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வந்தோம். கையில் தட்டு இல்லை, பழம் இல்லை. வனஜா ஒரு குடை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

முதலில் நீ சொன்ன இடத்துக்குத்தான் போனோம். உண்மையைச் சொல்கிறேன், ஏதாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நிழல், காற்று, கழுவித் துடைத்த தரை. ஒரு குறையும் அகப்படவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. உன் சின்ன மாமியார் அன்பாகத்தான் காபி கொடுத்தாள். "மாப்பிள்ளை எழுதிட்டாரே, அப்புறம் பாக்க என்ன இருக்கு? சேர்ந்தாச்சுன்னே வெச்சுக்குங்க" என்றாள். வனஜா மரியாதையாக, "ஒரு வகுப்புல பின்னாடி உக்காந்து கேக்கலாமா?" என்று கேட்டாள். சரித்திர வகுப்பு ஒன்றில் உட்கார வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். மணி அடித்து எல்லாப் பெண்களும் வந்த பிறகும் இவள் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அந்த வாத்தியாரம்மாவிடம் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். இடம் தெரியாமல் பேசுகிறாளே என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், கடற்கரைக்கு நேரமாகிறது என்று.

கடற்கரைப் பெண்கள் காலேஜில், டாக்டர் படிப்புக்குப் போகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய வகுப்பைக் காட்டினார்கள். நீள மேஜை, ஒவ்வொரு பெண்ணின் முன்னாலும் ஒரு பலகை, பலகையில் மல்லாத்தி ஊசி குத்திய தவளை. மருந்து வாசனையும் தவளை வாசனையும் சேர்ந்து அடிக்க, நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். திருவல்லிக்கேணியில் தோல் மண்டி வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஒருத்தி, மெஹருன்னிசா என்று பேர், திரைபோட்ட வண்டியில் வந்து இறங்குகிறவளாம். புர்க்காவைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, கத்தியும் கையுமாக நின்றாள். எங்களைப் பார்த்துச் சிரித்து, "பயந்துக்காதீங்கம்மா. மொத நாள் நானும் வாந்திதான் எடுத்தேன். இப்ப இதை முடிச்சுட்டு நேரா போய் பிரியாணி சாப்பிடுவேன்" என்றாள். எனக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. வனஜாவும் இப்படி நிற்கப்போகிறாள் என்று நினைத்துத் திரும்பினால், வனஜா அங்கே இல்லை.

வெளியே மதில் ஓரம் குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. "என்னால முடியாதும்மா" என்றாள்.

"மொத நாள் அப்படித்தான் இருக்கும். அந்தப் பொண்ணு சொன்னாளே, கேக்கலையா? நாலு நாள் போனா சரியாயிடும்."

"பயம் இல்லம்மா. பிடிக்கல. அந்தப் பொண்ணு அந்தத் தவளையப் பாக்கறப்போ அவ கண்ணைப் பாத்தியா? எனக்கு அப்படி இல்ல. அங்க சரித்திர வகுப்புல, பழைய கல்வெட்டை எப்படிப் படிக்கிறதுன்னு அவங்க சொன்னாங்க. மணி அடிக்காம இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. எனக்கு அதான் வேணும்."

எனக்கு வந்ததே கோபம். நடுரோடு என்றும் பார்க்கவில்லை. "இத்தனை வருஷமா டாக்டர், டாக்டர்னு நீதானேடி சொன்னே! தெரு பூரா சொல்லி வெச்சிருக்கேன். உங்க அண்ணன்கிட்ட மல்லுக்கட்டத் தயாரா இருக்கேன். இப்பப் போய் கல்வெட்டுங்கறே. நாலு பேரு என்னா பேசுவாங்க?"

வனஜா குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீயும் பெரியப்பா மாதிரியே பேசறியேம்மா" என்றாள்.

அந்த ஜட்காக் கதையை நானே அவளுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அதைக் கொண்டே என்னை அடித்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதையாக, அவள் சேரப்போவது நீ சொல்லி வைத்த அதே காலேஜில்தான். சிரிக்காதே. நீ சொன்னதற்காக அவள் சேரவில்லை. போனாள், பார்த்தாள், ஒன்று பிடித்தது, ஒன்று பிடிக்கவில்லை என்று சொன்னாள். பிடிக்கவில்லை என்று சொல்ல நம் வீட்டில் இதுவரை யாருக்கும் வாய் இருந்ததில்லை. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் சின்ன மாமியாருக்கு எழுதி, கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள். என் தங்கை தானாக வந்து இடம் கேட்பாள், மற்றவர்களைப் போல அவளையும் நடத்துங்கள் என்று எழுது. வனஜாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் 'நான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு வரி இருந்தாலும் அதை அடுப்பில் போட்டுவிடுவேன், அவள் கையில் கொடுக்க மாட்டேன்.

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவளை டாக்டரம்மா என்று நாலு பேர் கூப்பிட்டு நான் கேட்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. அவளுக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அந்த ஆசை அதிகமாக இருந்திருக்கிறது. இன்று காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை யோசித்துப் பாரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "சீப்பை எடு" என்று சொல்லிவிட்டேன். வாய்வரை வந்ததை விழுங்குவது, இனி எனக்கு இதுதான் வேலை. உனக்கும் இதே வேலைதான். கஷ்டமாகத்தான் இருக்கும், செய்.

உன்மேல் கோபம் தீராத,
உன் அம்மா